நடுப்பாருக்குக் காவல்

உக்காருங்க தாயி. அந்தப் பாயில வேணாம், ஈரம். இங்கிட்டு நிழலுக்கு வந்துருங்க. தண்ணி குடிக்கிறீகளா? லாரித் தண்ணிதான், ஒண்ணும் செய்யாது.

நாந்தான் பூமயில். நொச்சிவலசை பாசிப் பொம்பளைங்க சங்கத்துக்குத் தலைவி. இது பதினோராவது வருஷம். ஒரு தடவ கூட என்னை எதுத்து நின்னவுக கிடையாது. அதையும் எழுதிக்கிடுங்க. நீங்க எதுக்கு வந்துருக்கீகன்னு தெரியும். யாரும் சொல்லாம நாங்களாவே கடலுக்கு ஓய்வு குடுத்தோமே, அதைப் பத்தித்தானே? சொல்றேன். ஆனா ஊருக்குள்ள நாலு வீடு ஏறி இறங்கிட்டுத்தான் எங்கிட்ட வந்துருக்கீக, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. பூமயில் ஒருத்தியக் கொன்னுபுட்டான்னு சொல்லிருப்பாக. ஊர் வாய மூட உலைமூடி இல்ல. நான் சொல்றதையும் கேட்டுட்டுப் பெறகு நீங்க எதுவும் நினைச்சுக்கிடுங்க.

நாளைக்கு ஆனி ஒண்ணு. ஓய்வு முடியுது. நாப்பத்திமூணு பொம்பளைங்க, இல்ல, நாப்பத்திரெண்டு, விடியவும் நடுப்பாருக்குப் போறோம். அதுக்கு முன்னாடி இன்னைக்குச் சாயங்காலம் அம்மன் கோயில்ல கூட்டம். செத்தவளுக்கு ஒரு மக இருக்கு, சிவரஞ்சனின்னு, ராம்நாட்டுல நர்சுக்குப் படிக்குது. அது வந்து நேத்து இதே இடத்துல உக்காந்து ஒத்த வார்த்தை கேட்டுச்சு. "பெரியம்மா, எங்கம்மா திருடலன்னு கூட்டத்துல எல்லாரு முன்னாடியும் ஒரு தடவ சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேணாம்." அதைச் சொல்றதா வேணாமான்னுதான் காலையிலருந்து சோறு இறங்கல எனக்கு.

எங்க தொழிலு உங்களுக்குத் தெரியாது. கடலுக்கடியில பார் இருக்கு, பாறை கணக்கா. அதுலதான் பாசி முளைக்கும். முங்கிப் போயிப் பறிச்சு, இடுப்புல கட்டுன வலைப்பையில போட்டு மேல வரணும். காய வச்சுக் குடுத்தா, வாங்குறவுக அதை ஐஸ்கிரீமு, மாத்திரை, பல்லு விளக்குற பேஸ்டு எல்லாத்துலயும் சேக்குறாகளாம். ஆம்பளைச் சட்டை ஒண்ணு, கண்ணாடி ஒண்ணு, விரலுக்குத் துணிக்கட்டு, காலுக்குத் தகரத் தட்டு. அம்புட்டுதான் சாமான். காத்துக் குழாயெல்லாம் கிடையாது. உள்ள இழுத்த மூச்சுதான் முதலு.

அதனால ஒத்தையில முங்கக் கூடாது. ஜோடி வேணும். ஒருத்தி முங்குனா ஒருத்தி மேல மிதந்துக்கிட்டு எண்ணணும். ஒவ்வொருத்திக்கும் ஒரு கணக்கு இருக்கு. என் மூச்சு நாப்பத்தஞ்சு. அதுக்குள்ள நான் வரலன்னா, என்ன ஏதுன்னு பாக்கப்படாது, உடனே உள்ள போயி முடியப் பிடிச்சுத் தூக்கணும். புருசன் கூடச் சண்டை போட்டுட்டு வந்துருவோம், ஜோடி கூடச் சண்டை போட்டா அன்னைக்கு முங்க மாட்டோம். எண்ணிக்கை தப்பிரும்.

என் ஜோடிதான் நம்புசெல்வி. இருவத்திரெண்டு வருஷம். அவ மூச்சு அறுவது. இந்தக் கரையில அறுவது மூச்சு அவளுக்கு மட்டுந்தான். எனக்குத் தங்கச்சி முறை ஆகும், ஆனா வாய்க்கு வந்தபடி பேசுவா. "யக்கா, நீ நாப்பத்தஞ்சுல வர்றதுக்கு வீட்டுலயே இருந்து தண்ணிக் குண்டாவுல தலைய விட்டுக்கிடலாம்"ம்பா. ஒரு தடவ அத்துப்போன வலை ஒண்ணு காலைச் சுத்தி என்னைக் கீழயே கட்டிப் போட்டுருச்சு. நாப்பத்தாறுல அவ எங்கிட்ட இருந்தா. பல்லால கடிச்சு அறுத்து இழுத்துட்டு வந்தா. உதட்டுல அந்தக் கீறல் கடைசி வரைக்கும் இருந்துச்சு. நான் ஒண்ணும் மறக்கல. நன்றி கெட்டவன்னு மட்டும் எழுதிராதீக.

கடல் கெட்டதைச் சொல்லணும். முன்னெல்லாம் சித்திரை வெயில்ல மேல்தண்ணி சுட்டாலும் ஒரு பாகம், ஒரு ஆள் ஆழம், கீழ போனா குளுகுளுன்னு இருக்கும். இப்ப கீழ போனாலும் வடிச்ச கஞ்சிக்குள்ள முங்குன மாதிரி இருக்கு. பார் வெளுத்துப் போவுது. சிவப்பு, பச்சை, ஊதான்னு இருந்ததெல்லாம் வெள்ளை. பாசியும் வெளுத்து, கொழகொழன்னு ஆகி, அதுவாவே கழண்டு மிதந்து போயிருது. மொதல்ல கரைப்பார் போச்சு. அப்புறம் கிழக்க ரெண்டு. இடுப்பளவு தண்ணியில பறிச்சவளுக இப்ப மூணு பாகம், நாலு பாகம் முங்குறோம். காதுல ரத்தம் வருது. புயல் வர்ற மாசத்துல வரல, வராத மாசத்துல வருது. மேக்கருந்து வர்ற கச்சான் காத்து எப்ப எந்திரிக்கும்னு எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கே இப்பத் தெரியல. பாதிப் பேரு கேரளாவுக்கு விசைப்படகு வேலைக்குப் போயிட்டாக. நம்புசெல்வி புருசன் சேதுபாண்டியும் அங்கதான் கிடந்தான்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சார் வந்து திரையக் கட்டிப் படம் போட்டுக் காட்டுனாரு. உலகம் பூராச் சூடாகுதாம். காரு, கம்பெனி, கரி எரிக்கிற பொகையெல்லாம் சேந்து கடலைச் சுட வைக்குதாம். நான் எந்திரிச்சுக் கேட்டேன், "சார், எங்க ஊர்ல ஒரு காரு இருக்கா?" சிரிச்சாரு. "சரி, சூடாக்குனது யாருன்னு பேரைச் சொல்லுங்க. நாங்க நாப்பது பேரும் போயி அவுக வாசல்ல உக்காருறோம்"னேன். அதுக்கும் சிரிச்சாரு. நல்ல மனுசந்தான். போகும்போது பிஸ்கட்டு குடுத்துட்டுப் போனாரு.

அவரு சொன்னதை நான் பொய்ங்கல. ஆனா எனக்கு ஒண்ணு தோணுச்சு. பாதிக் கேடு நம்ம கைதான். இவளுக இரும்புச் சுரண்டி வச்சு வேரோட சுரண்டுறாளுக. சொன்னாக் கேக்குறாளுகளா? கடலைக் குளுர வைக்க எங்களால ஏலாது தாயி. கையக் கட்டிக்கிட்டு இருக்க ஏலும். விசைப்படகுக்குச் சர்க்காரு அறுவத்தொரு நாள் தடை போடுதுல்ல, அதே அறுவத்தொரு நாள் நாங்களும் நடுப்பாரைத் தொடக் கூடாதுன்னு நாந்தான் சொன்னேன். மத்த பாரெல்லாம் போச்சு, அது ஒண்ணுதான் பாக்கி. கோயில் முன்னாடி ஆளுக்கு ஒரு குத்து உப்பக் கையில வச்சுச் சத்தியம் பண்ணுனோம். அங்கருந்து ஒரு இழை எடுத்தாலும் திருட்டு. தண்டம் காசு இல்ல. காசுன்னா கட்டிட்டு மறுபடி எடுப்பாளுக. மூணு மாசத்துக்கு அவளுக்கு ஜோடி கிடையாது. யாரும் எண்ணக் கூடாது. எல்லாரும் தலையாட்டுனாக. நம்புசெல்வியும் ஆட்டுனா.

முறை வச்சு வல்லத்துல போயிக் காவல் இருந்தோம். என் முறை எட்டாம் நாள் வந்துச்சு. தலைவிங்கிறதுனால உள்ள போயி ஒரு பார்வை பாத்தேன். அன்னைக்குத் தண்ணி கலங்கலு. சரியாத் தெரியல. அதை விடுங்க.

அந்த மாசத்துல எங்க பொழப்பு எப்பிடி இருந்துச்சுன்னு கேளுங்க. நாள் பூரா மத்த இடத்துல முங்குனாலும் பையில ஒரு கை பாசி. பல பேரு வீட்டுல ஒரு நேரந்தான் உலை. ஆனா ஒருத்தியும் அழுகல. காரணம் நடுப்பார். வல்லத்துல உக்காந்தா அதே பேச்சுத்தான். ஆனி ஒண்ணுக்கு நடுப்பார்ல கை வச்சுட்டு ஓடு மாத்துவேன்பா ஒருத்தி. பேத்திக்குக் காது குத்துவேன்பா இன்னொருத்தி. அறுவத்தொரு நாள் சும்மா கிடந்த பாசி, எம்புட்டு உசரம் வளந்து கிடக்குமோன்னு பேசிப் பேசியே பசியாறுனாளுக. அந்தச் சிரிப்பை நீங்க பாத்துருக்கணும்.

இந்த நேரத்துலதான் நம்புசெல்வி அங்க போயிட்டா. சித்திரை இருவத்திமூணு. காவலுக்குப் போனவுக, நம்புசெல்வி நடுப்பாருக்கு மேல தலைய நீட்டுறதைப் பாத்துட்டு நேரா எங்கிட்ட வந்து சொன்னாக. மறுநாள் கூட்டம் போட்டேன். அவ ஒளிக்கல. மடியில முடிஞ்சு வச்சிருந்ததை அவளே அவுத்து நடுவுல வச்சா. ஒரு கைப்பிடிப் பாசி. வெளுத்துப் போயி, நூல் நூலா.

"நான் எடுக்கப் போகலக்கா. பாக்கத்தான் போனேன். மனசு ஒரு மாதிரியா இருந்துச்சு. அங்க ஒண்ணுமே இல்ல. பார் பூரா வெளுத்துக் கிடக்கு. உங்ககிட்டக் காட்டத்தான் இதைக் கொண்டாந்தேன்."

கூட்டத்துல அவ யாரையும் பாக்கல. என்னைய மட்டும் பாத்தா.

"நீங்க போயிப் பாருங்கக்கா. பாத்துட்டு வந்து இவுககிட்ட நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாக. வேற தொழிலாவது பாப்போம்."

நான் என்ன சொல்ல? நாப்பத்தோரு பொம்பளைக என் வாயப் பாத்துக்கிட்டு இருக்காளுக. "இருக்கா இல்லையாங்கிறது பேச்சில்ல. ஒரு இழைன்னு சத்தியம் பண்ணுனோம். இங்க ஒரு கை கிடக்கு"ன்னேன். காட்டக் கொண்டாந்தாலும் எடுத்தது எடுத்ததுதானே? நீங்களே சொல்லுங்க. ஜோடிங்கிறதுக்காக விட்டுருந்தா, பூமயில் தனக்கு ஒரு நாயம் ஊருக்கு ஒரு நாயம்னு பேசியிருக்க மாட்டாகளா? உப்பத் தின்னவ தண்ணி குடிக்கணும். ஒருத்தி பின்னாலருந்து, "நல்லதையெல்லாம் வித்துட்டு வெளுத்ததைக் கொண்டாந்து காட்டுறா"ன்னா. யாருன்னு பாக்கல. நான் அப்பிடிச் சொல்லல. சொன்னவளை வேணாம்னும் சொல்லல. அன்னைக்கிருந்து அவளுக்குப் பாசித் திருடின்னு பேராகிப் போச்சு.

அவ கீழ கிடந்த பாசியப் பொறுக்கி மறுபடி மடியில முடிஞ்சுக்கிட்டு எந்திரிச்சுப் போனா. அவ இப்பிடிப் பேசாமப் போனதே இல்ல. அதுதான் எனக்குச் சங்கடமா இருந்துச்சு.

நான் வேற ஜோடி சேத்துக்கிட்டேன். கோட்டைமுத்துன்னு ஒருத்தி. எண்ணத் தெரியாது அவளுக்கு, இருவதுக்கு மேல போனா மறுபடி ஒண்ணுலருந்து ஆரம்பிப்பா. நான் முப்பதுலயே பயந்துக்கிட்டு மேல வந்துருவேன். நம்புசெல்வி ஒத்தையில போனா. போகாதன்னு சொல்ல ஆளில்ல. சொல்லவும் கூடாது, பேச்சு வார்த்தை கிடையாதுல்ல. மக படிப்பு இருக்கு, புருசன் கேரளாவுல கைய உடைச்சுக்கிட்டு வீட்டுல வந்து கிடந்தான். அவ மேக்க ஆழத்துக்குப் போனா. அஞ்சு பாகம். அங்க அடித்தண்ணி இன்னும் கொஞ்சம் குளுமையா இருக்கும், ஓரமாப் பாசி இருக்கும்னு அவளுக்கு ஒரு நினைப்பு. சரியாத்தான் நினைச்சிருக்கா, அவ கடல் தெரிஞ்சவ.

வைகாசி பத்து. பதினேழாம் நாள் அவ ஒத்தையில முங்குறது. நாங்க ரெண்டு கூப்பிடு தூரத்துல இருந்தோம். அவ தலை தெரியும், மறையும், தெரியும். இப்ப நான் ஒண்ணு சொல்றேன், இதை ஊர்ல யாரும் உங்களுக்குச் சொல்லிருக்க மாட்டாக. ஏன்னா யாருக்கும் தெரியாது. பதினேழு நாளும் நான் அவளுக்காக எண்ணுனேன். வெளிய சத்தம் வராம. எண்ணக் கூடாதுன்னு நானே போட்ட கட்டுப்பாட்டை நானே மீறுனேன். வாய் தானா எண்ணுச்சு தாயி, இருவத்திரெண்டு வருஷப் பழக்கம். அவ தலை மறைஞ்சா எனக்கு ஒண்ணு ரெண்டுன்னு ஓடும். அறுவதுக்குள்ள வந்துருவா. வந்ததும் நான் என் வேலையப் பாப்பேன். என்னையப் போயிக் கல் நெஞ்சுக்காரின்னா எப்பிடி?

அன்னைக்கும் எண்ணுனேன். அறுவது ஆச்சு. வரல.

ஆழம் கூடுதலு, ஒரு அஞ்சு பத்து கூட ஆகும்னு நினைச்சேன். எழுவது. நீவாடு, அந்த நீரோட்டம், இழுத்து அங்கிட்டு ஏறிருப்பா, அலைக்குப் பின்னால தலை தெரியலன்னு நினைச்சேன். எம்பது. இவளுகளைத் திரும்பிப் பாத்தேன். ஒருத்தியும் அந்தப் பக்கம் பாக்கல. பாக்காத மாதிரி பாத்துக்கிட்டு இருந்தாளுக. நான் போனா, எண்ணிக்கிட்டுத்தான் இருந்துருக்கேன்னு தெரிஞ்சு போகும். தலைவியே கட்டுப்பாட்டை உடைச்சுட்டான்னு ஆயிரும். அப்புறம் ஒருத்தி மதிப்பாளா? நடுப்பாரு என்னாகும்? தொண்ணூறு. நூறு. நூத்தி இருவதுல நான் தகரத் தட்டை உதறிட்டு நீந்துனேன். சத்தியமா நீந்துனேன். முதல்ல போனது நாந்தான். அதையும் எழுதுங்க.

மேல வர்ற வழியில மயக்கம் வந்துருக்கும்னு ஆஸ்பத்திரியில சொன்னாக. ஒரு நிமிசம் முன்னாடி தூக்கியிருந்தாப் பொழைச்சிருப்பான்னும் அந்த டாக்டர் பொண்ணு சொல்லுச்சு. வயசு பத்தாத புள்ள, எதை எங்க பேசணும்னு தெரியல. முடியப் பிடிச்சுத் தூக்குனப்ப அவ முடி பூரா என் விரல்ல சுத்திக்கிச்சு. பையில ரெண்டு கிலோ தேறும், நல்ல பாசி, செக்கச் செவேல்னு. கடைசியாப் பறிச்சது நல்ல பாசிதான்.

பதினாறு முடிஞ்சு அஞ்சு நாளாச்சு. அந்தப் புள்ள சிவரஞ்சனி அழுகக்கூட மாட்டேங்குது. நேத்து வந்து உக்காந்து, அம்மா சேலையில முடிஞ்சு கிடந்துச்சுன்னு அந்த வெளுத்த பாசியக் காட்டுச்சு. "காட்டத்தான கொண்டாந்தாங்க பெரியம்மா? திருடுறவங்க இதை எதுக்குத் திருடணும்?"ன்னுச்சு. படிச்ச புள்ள, கேள்வி சுருக்குன்னு இருக்கு. சாயங்காலம் சொல்றேன், போன்னு அனுப்பிட்டேன்.

ஏன் தாயி எழுதாம என்னையே பாக்குறீக? எட்டாம் நாளா? அன்னைக்குக் கலங்கலுன்னு சொன்னேன்ல. தெளிஞ்ச தண்ணிதான், சரி. உங்ககிட்ட எதுக்கு மறைக்க, நீங்க இன்னைக்கு வந்துட்டு நாளைக்குப் போறவுக. நடுப்பார் அன்னைக்கே செத்துப் போச்சு. சுண்ணாம்பு அடிச்ச சுவரு கணக்கா இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும். பாசியத் தொட்டா விரல்லயே கரையுது. அவ பாத்ததுக்கு ரெண்டு வாரத்துக்கு முந்தி நான் பாத்தது. மேல வந்தா வல்லத்துல இருந்தவளுக, "எப்பிடிக்கா இருக்கு, வளந்துருக்கா?"ங்கிறாளுக, அம்புட்டு ஆசையா. வளருதுன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்வீக? நீங்களா இருந்தா சொல்லிருவீகளா? அதுக்கப்புறம் அதை எப்பிடித் திருப்புறதுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா அன்னைக்கு அவ என்னையப் பாத்தப்பவே சொல்லிருப்பேன்.

நாளைக்கு நாப்பத்திரெண்டு பேரும் முங்கிப் பாக்கப் போறாளுக. அதைத்தான் காலையிலருந்து யோசிக்கிறேன். அறுவத்தொரு நாள் பட்டினி கிடந்து காத்தது சும்மான்னு தெரிஞ்சா, யாரையாவது அடிச்சுத் தின்னுருவாளுக. உலகம் சூடாகுதுன்னு சொன்னா ஆறாது. அந்தச் சார்கிட்டப் பேர் கேட்டப்பவே தெரிஞ்சு போச்சே, அதுல கைய நீட்டிக் கோவப்பட ஒரு ஆளில்ல. ஆள் வேணும்.

அதனால சாயங்காலம் கூட்டத்துல நான் அந்தப் புள்ள கேட்டதைச் சொல்லப் போறதில்ல. நம்புசெல்வி ஒரு தடவ இல்ல, பல தடவ போயி அள்ளிருக்கா, அதுக்கப்புறந்தான் நடுப்பார் எந்திரிக்கலன்னு சொல்லப் போறேன். ஒருத்தி அள்ளி ஒரு பார் காலியாகுமான்னு யாரும் கேக்க மாட்டாக. நீங்களும் அப்பிடியே எழுதிக்கிடுங்க. அவளுக்கு இனி என்ன தாயி? முங்கணுமா, மூச்சடக்கணுமா? இருவத்திரெண்டு வருஷம் எங்கூட முங்குனவ. எனக்காக இதைச் சுமக்க மாட்டாளா?